குளம்பொலி – 17: கடிகாரத்தோடு ஓடிய குதிரை

சென்ற இதழில் ஸ்டார் பாயின்டரை ரீட்வில் மைதானத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1897 ஆகஸ்ட் 28 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அந்தத் தடத்தில், அது ஒரு மைலை 1 நிமிடம் 59¼ விநாடியில் முடித்தது. வண்டி பூட்டிய குதிரை இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தி தந்தியில் ஊர் ஊராகப் பறந்த நாளில், இண்டியானா மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூரில் ஒன்றேகால் வயதுக் குட்டி ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கால் கோணல். ஊரார் பார்த்துச் சிரித்த குட்டி. ஸ்டார் பாயின்டரின் நேரத்தை அந்தக் குட்டி ஐந்தே ஆண்டில் தொட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதிலிருந்து முழுசாக நான்கு விநாடிகளைக் கழித்துக் காட்டியது. பெயர் டான் பேட்ச்.

வண்டிக் குதிரைப் பந்தய வரலாற்றில் இதைவிட வேகமான குதிரைகள் பின்னால் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் ஒரு நாடே பெயர் சொல்லிக் கூப்பிட்ட குதிரை வேறொன்று வரவில்லை. அந்தப் புகழில் குதிரை சம்பாதித்தது எவ்வளவு, வியாபாரி சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த ஓர் இதழ் முழுவதும் இந்த ஒரே குதிரைக்கு.

கடைக்காரரின் குட்டி

ஆக்ஸ்ஃபர்டில் ஜவுளியும் பலசரக்கும் விற்ற கடைக்காரர் டேனியல் மெஸ்னர். பந்தயக் குதிரை வளர்ப்பவர் அல்ல, ஆசை மட்டும் உண்டு. ஏலம் ஒன்றில் ஸெலிகா என்ற பெண் குதிரையை 255 டாலருக்கு எடுத்தார். நொண்டிக் குதிரையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. மனிதர் அசரவில்லை. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பெயர் பெற்றிருந்த ஜோ பேட்சன் என்ற கறுப்புப் பொலிகுதிரையிடம் ஸெலிகாவைச் சேர்த்தார். அதற்குக் கட்டணம் 150 டாலர். ஒரு சிற்றூர்க் கடைக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை.

1896 ஏப்ரல் 29 அன்று குட்டி பிறந்தது. கால்கள் அளவுக்கு மீறி நீளம், முட்டி புடைத்திருந்தது, பின்னங்கால் வளைந்திருந்தது. தானாக எழுந்து நிற்கக்கூட முடியவில்லை, பிடித்து நிறுத்தித்தான் பால் குடிக்க வைத்தார்கள். இப்படிப் பிறக்கும் குட்டியைப் பண்ணைகளில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர் ஜான் வாட்டில்ஸ். ஊரில் வாடகைக் குதிரை லாயம் நடத்தியவர், வயதானவர், குதிரையோடு பழகியே காலம் கழித்தவர். உரிமையாளர் டேனியலின் பெயரிலிருந்து டான், தகப்பன் ஜோ பேட்சனின் பெயரிலிருந்து பேட்ச். இரண்டையும் ஒட்டி வைத்த பெயர்தான் டான் பேட்ச்.

வாட்டில்ஸ் செய்த பெரிய காரியம், அவசரப்படாமல் இருந்தது. இரண்டு, மூன்று வயதில் பந்தயத்தில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் அப்போதும் இருந்தது. அவர் நான்கு வயது வரை காத்திருந்தார். அதற்குள் கால்கள் ஓரளவு நேராகிவிட்டன. ஆனால் இடது பின்னங்காலில் ஒரு வீச்சு மட்டும் நிலைத்துவிட்டது. வேகம் கூடும்போது அந்தக் கால் வெளிப்பக்கமாக வீசி வண்டிச் சக்கரத்தில் இடித்தது. குதிரையைத் திருத்த முடியாது என்றதும் வண்டியைத் திருத்தினார்கள். அச்சை வழக்கத்தைவிட அகலமாக வைத்து, சக்கரங்களைத் தள்ளிப் பொருத்தினார்கள். கடைசி வரை டான் பேட்சுக்கு அகல வண்டிதான். பின்னாளில் லட்சக்கணக்கான அட்டைப் படங்களில் அழகின் உருவமாக அச்சான குதிரை, சக்கரத்தை இடிக்கும் கோணல் காலோடுதான் எல்லா ஓட்டமும் ஓடியது. எனக்கு இந்தக் குதிரையின் மேல் மரியாதை பிறந்தது அதன் சாதனை எண்களைப் பார்த்து அல்ல, இந்த அகல அச்சைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான்.

ஓட்டத்தின் இலக்கணம்

புதிதாகத் தொடரில் சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இந்தப் பந்தயத்தில் குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. சல்கி எனப்படும் எடை குறைந்த இரு சக்கர வண்டியில் ஓட்டுநர் அமர்ந்து கடிவாளத்தைப் பிடிப்பார். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் ஓட்டுநர் அதை இழுத்துப் பிடித்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் பந்தயம் கையைவிட்டுப் போய்விடும். அனுமதிக்கப்பட்ட நடைகள் இரண்டு. முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து போவது டிராட். ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போவது பேஸ். ஒட்டகம் நடப்பதைப் பார்த்தவர்களுக்குப் பேஸ் நடை உடனே பிடிபடும், உடம்பு இரண்டு பக்கமும் ஆடும். பேஸ் நடைக் குதிரைகள் பலவற்றுக்கு நடை மாறாமலிருக்க முன்னங்காலையும் பின்னங்காலையும் இணைக்கும் வார்களைக் கட்டுவார்கள். டான் பேட்சுக்கு அந்த வார்கள் தேவைப்படவில்லை. வார் இல்லாமல் இயல்பாகவே அந்த நடை வந்தது.

1892 வாக்கில் சைக்கிள் சக்கரமும் காற்றடைத்த டயரும் சல்கிக்கு வந்துசேர்ந்ததை 14ஆம் பகுதியில் பார்த்தோம். அதுவரை இருந்த உயரச் சக்கர வண்டியோடு ஒப்பிட்டால் மைலுக்குப் பல விநாடிகள் மிச்சம். டான் பேட்சின் நேரங்களைப் பழைய குதிரைகளின் நேரங்களோடு ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

இன்னொன்று, ஹீட் முறை. அந்நாளில் ஒரே ஓட்டத்தில் பந்தயம் முடியாது. ஒரே மதியத்தில் அதே குதிரைகள் மீண்டும் மீண்டும் ஒரு மைல் ஓடும். மூன்று ஹீட் வெல்வது வரையில்கூடப் போகும். வேகம் மட்டும் போதாது, தம் பிடித்து நிற்கவும் வேண்டும்.

தோற்காத குதிரை

1900 ஆகஸ்ட் 30 அன்று பாஸ்வெல் என்ற ஊரின் கண்காட்சித் திடலில் டான் பேட்ச் முதல் பந்தயம் ஓடி வென்றது. சில நாட்களில் லஃபயெட் நகரில் அடுத்த பந்தயம். முதல் ஹீட்டில் பின்வரிசையில் மாட்டிக்கொண்டு, கடைசியில் வெளியே வந்து, மூக்கு நுனி வித்தியாசத்தில் தோற்றது. பிறகு வந்த மூன்று ஹீட்டையும் வென்று பந்தயத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில் இன்னொரு ஹீட் கைவிட்டுப் போனது. வாழ்நாள் முழுக்கத் தோற்றது அந்த இரண்டு ஹீட்தான். பந்தயம் என்று எடுத்தால் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

1901இல் கிராண்ட் சர்க்யூட் எனப்பட்ட பெரிய நகரங்களின் பந்தய வரிசையில் இறக்கினார்கள். வாட்டில்ஸ் உள்ளூர்க்காரர். பெரிய தடங்களுக்குப் பேர்பெற்ற ஓட்டுநர் வேண்டும் என்று மைரன் மெக்ஹென்றியிடம் கொடுத்தார்கள். குடிப்பவர், சண்டைக்காரர் என்று பெயர். ஆனால் கடிவாளம் கையில் வந்தால் அவருக்கு நிகர் சிலரே. அந்தப் பருவம் முழுக்க வெற்றி.

வெற்றியோடு பயமும் வந்தது. மெஸ்னரின் லாயத்தில் லேடி பேட்ச் என்ற இன்னொரு குதிரை செத்துக் கிடந்தது. விஷம் வைத்துவிட்டார்கள் என்றே நம்பினார்கள். பந்தயப் பணம் புரளும் இடத்தில் அது நடக்காத காரியமும் இல்லை. மெஸ்னர் கடைக்காரர், காவல் போட்டுக் குதிரை வளர்க்கும் வசதி இல்லாதவர். 1902 தொடக்கத்தில் பஃபலோ நகரத்து மான்லி ஸ்டர்ஜிஸுக்கு 20,000 டாலருக்கு விற்றுவிட்டார். ஒரு சாதாரணத் தொழிலாளி ஆண்டு முழுக்க உழைத்து 500 டாலர் பார்ப்பதே கடினமாக இருந்த காலம் அது. ஆனாலும் மெஸ்னர் இழந்தது அதைவிடப் பல மடங்கு என்பது ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது.

1902இல் டான் பேட்சுக்கு வந்த சிக்கல் விசித்திரமானது. அதோடு ஓட யாரும் குதிரை கொண்டுவரவில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த பந்தயத்தில் பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் வேலை இல்லை. திடல்காரர்கள் அதைத் தனியாக ஓடவைத்துக் கடிகாரத்தோடு மோதவிடத் தொடங்கினார்கள். அந்த செப்டம்பரில் பிராவிடன்ஸ் நகரில் 1 நிமிடம் 59¼ விநாடி. ஸ்டார் பாயின்டரின் நேரம், கால் விநாடி கூடாமல் குறையாமல். அதன் பிறகு இன்னொரு குதிரையோடு தோளுரசி ஓடும் உண்மையான பந்தயம் அதற்கு அநேகமாக வாய்க்கவே இல்லை. ஆறு வயதில், உடம்பு முழு வலுவுக்கு வந்த பருவத்தில், எதிரி இல்லாமல் போனது. அந்த வலு எதிராளியின் முன் எப்படி வெளிப்பட்டிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கதையின் பெரிய இழப்பு என்று நான் கருதுவது இதைத்தான்.

மாட்டுத் தீவன வியாபாரி

1902 டிசம்பரில் மின்னியாபொலிஸ் நகரத்து மாரியன் வில்லிஸ் சாவேஜ் 60,000 டாலர் கொடுத்து டான் பேட்சை வாங்கினார். மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சாவேஜின் தொழில் கால்நடைத் தீவனம். இன்டர்நேஷனல் ஸ்டாக் ஃபுட் கம்பெனி என்ற அவருடைய நிறுவனம் மாடு, குதிரை, பன்றிக்குத் தீவனத்தோடு கலக்கும் சத்துப் பொடிகளைத் தபால் வழியாக நாடு முழுக்க விற்றது. 1892இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நடந்த எக்ஸ்போசிஷன் கட்டடம் என்ற மாளிகையையே பிறகு தன் நிறுவனத்துக்கு வாங்கிக்கொண்ட ஆள். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சூதாட மாட்டார். பந்தயத்தில் பணம் பண்ணுவது அவர் நோக்கமே இல்லை. என் பொடியைத் தின்னும் குதிரை இதோ என்று நாட்டுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு பலித்தது. விவசாயி வீட்டுச் சுவரில் டான் பேட்சின் வண்ணப்படம் தொங்கியது. தபாலில் எழுதிக் கேட்டவர்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். கேட்டவரிடம் எத்தனை மாடு, எத்தனை குதிரை இருக்கின்றன என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்றைய விளம்பரக்காரர்கள் கணினி வைத்துச் செய்வதைச் சாவேஜ் தபால் அட்டையில் செய்தார். டான் பேட்ச் பெயரில் சுருட்டு வந்தது, புகையிலை வந்தது, கடிகாரம், துணி துவைக்கும் இயந்திரம், அடுப்பு, பனிச்சறுக்கு வண்டி, பொம்மை எல்லாம் வந்தன. டான் பேட்ச் டூ-ஸ்டெப் என்று நடன இசைகூட அச்சேறியது.

மின்னசோட்டா ஆற்றங்கரையில் ஹாமில்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் சாவேஜ் கட்டிய லாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நடுவில் எண்கோணக் கட்டடம், அதன் மேல் வெங்காய வடிவக் குவிமாடம். சுற்றிலும் கைகள் நீட்டினாற்போல லாய வரிசைகள். நம் ஆக்ராவின் பெயர் அங்கே போய் ஒட்டிக்கொண்டது, அந்த வட்டாரத்தார் அதைத் தாஜ்மஹால் என்றே அழைத்தார்கள். குளிர்காலத்தில் வெதுவெதுப்பு கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வெளியே ஒரு மைல் தடம். அதற்குப் பக்கத்தில் அரை மைல் நீளத்துக்குக் கூரை போட்டு, சுவர் முழுக்கச் சன்னல் வைத்த இன்னொரு தடம். பனி மூடும் மின்னசோட்டா டிசம்பரிலும் குதிரை பயிற்சி எடுக்கலாம். ஹாமில்டன் ஊர் 1904இல் தன் பெயரையே சாவேஜ் என்று மாற்றிக்கொண்டது. இன்றும் அதுதான் பெயர்.

பயணத்துக்கு டான் பேட்சுக்குத் தனி ரயில் பெட்டி. வெள்ளை நிறம், இரண்டு பக்கமும் அதன் படம். நிலையங்களில் அந்தப் பெட்டி வந்து நின்றாலே கூட்டம். உதிர்ந்த வால்முடியைத் தேடி எடுத்தவர்கள் உண்டு, கழற்றிப்போட்ட லாடத்துக்கு அடித்துக்கொண்டவர்களும் உண்டு. குதிரைக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். கிராண்ட்ஸ்டாண்டின் முன்னால் நின்று கூட்டத்தைத் தலை திருப்பிப் பார்க்கும். குழந்தைகள் வயிற்றுக்கடியில் புகுந்தாலும் கால் தூக்காது. பொலிகுதிரைகளிடம் இவ்வளவு சாந்தம் காண்பது அரிது. வியாபாரி கட்டிய எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் குதிரையின் இந்தச் சுபாவம்தான். கடிக்கிற, உதைக்கிற குதிரையை வைத்து யாரும் சாமான் விற்க முடியாது.

விநாடிகளின் ஆண்டுகள்

1903 ஆகஸ்ட் 19, பிரைட்டன் பீச், 1:59. ஸ்டார் பாயின்டரின் பெயர் ஏட்டிலிருந்து விடைபெற்றது. ஒரே மாதத்தில் நடை வார் கட்டிய பிரின்ஸ் அலர்ட் என்ற குதிரை நியூயார்க்கில் 1:57 ஓடிச் சாதனையைப் பறித்தது. டான் பேட்சுக்கு நேருக்கு நேரான எதிரி என்று ஒன்று இருந்திருக்கக்கூடும் என்றால் அது இதுதான். அக்டோபர் 22 அன்று மெம்பிஸ் நகரில் மெக்ஹென்றி கடிவாளம் பிடிக்க, டான் பேட்ச் 1:56¼ ஓடி மீட்டுக்கொண்டது. அத்தோடு மெக்ஹென்றிக்கும் சாவேஜுக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிந்தார்கள். அடுத்து ஹாரி ஹெர்சி வந்தார்.

1904 செப்டம்பரில் கன்சாஸ் மாநிலத்து டோபீகா நகரில் குதிரை திடீரென்று விழுந்தது. குடலில் அடைப்பு. வலியில் புரண்டது, நாடி எகிறியது, மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். சாவேஜ் ரயில் பிடித்து ஓடி வந்தார். பத்திரிகைகள் மணிக்கொரு செய்தி போட்டன. ஒரு குதிரையின் வயிற்று வலிக்காக ஒரு தேசம் கவலைப்பட்டது. எப்படியோ பிழைத்தது. குடல் நோவில் விழுந்த குதிரை எழுந்தாலும் அந்தப் பருவம் ஓடாது என்பதுதான் லாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். டான் பேட்ச் அக்டோபர் 26 அன்று மெம்பிஸில் இறங்கி, தன் பழைய நேரத்தில் கால் விநாடி குறைத்து, 1:56 ஓடியது.

1905 அக்டோபர் 7. கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன். 1 நிமிடம் 55¼ விநாடி. இந்த நாளையும் இந்த எண்ணையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓட்டங்கள் எப்படி நடந்தன என்று சொன்னால்தான் பிறகு வந்த சச்சரவு விளங்கும். எதிராளி இல்லை என்றாலும் டான் பேட்ச் முற்றிலும் தனியாக ஓடவில்லை. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் சவாரிப் பந்தயக் குதிரைகள் இரண்டைச் சல்கியில் பூட்டித் துணைக்கு விடுவார்கள். ஒன்று பக்கத்தில் ஓடி உசுப்பும். இன்னொன்று முன்னால் ஓடி வழிகாட்டும். முன் வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே தூசி பின்னால் வராமல் துணி கட்டியிருப்பார்கள். துணி தூசியை மட்டுமா தடுக்கும்? முன்னால் போகும் குதிரையும் வண்டியும் காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் வரும் குதிரைக்குக் காற்றின் எதிர்ப்பு குறையும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சின்ன உதவி இல்லை. அதனால் லெக்சிங்டன் ஓட்டத்துக்குப் பிறகு, முன்னால் துணைக்குதிரை விட்டு ஓடும் நேரங்களை இனிச் சாதனையாக ஏற்பதில்லை என்று விதி மாறியது.

1906 செப்டம்பர் 8, மின்னசோட்டா மாநிலக் கண்காட்சி, ஹாம்லின் தடம். டான் பேட்சின் சொந்த மண் என்றே சொல்லிவிடலாம். வந்த கூட்டம் 93,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். கிராண்ட்ஸ்டாண்ட் நிரம்பி, தடத்தின் உட்புறப் புல்வெளியும் நிரம்பியது. அந்த மாநிலத்தில் அன்று வரை எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு பேர் சேர்ந்ததில்லை. பத்து வயதுக் குதிரை, முன்னால் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாகத் துணை. ஹெர்சி சாட்டையைத் தூக்கவில்லை. அது என்றைக்குமே சாட்டைக்கு ஓடிய குதிரை இல்லை. கடைசி நேர்த்தடத்தில் துணைக்குதிரைகள் பாய்ச்சலிலேயே திணற, டான் பேட்ச் நடை பிசகாமல் வந்தது. கடிகாரங்கள் 1:55 காட்டின. எண்ணைப் பலகையில் ஏற்றியதும் கூட்டம் வேலி தாண்டி இறங்கிவிட்டது.

புதிய விதியால் சாதனை ஏட்டில் அந்த எண் ஏறவில்லை. சாவேஜ் ஒப்புக்கொள்ளவும் இல்லை. மறுநாளிலிருந்து அவருடைய ஒவ்வொரு விளம்பரத்திலும், படத்திலும், பெட்டியிலும் டான் பேட்ச் 1:55 என்றே அச்சானது. ஏட்டைப் படித்தவர்கள் சில நூறு பேர் இருக்கலாம், விளம்பரத்தைப் பார்த்தவர்கள் பல லட்சம். மக்கள் மனதில் நின்றது 1:55.

மாலைக் காலம்

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகக் கண்காட்சி ஓட்டம். கூட்டம் குறையவில்லை, நேரங்கள் இறங்கவும் இல்லை. 1909இல் கால் நொண்டத் தொடங்கியதும் ஓய்வு கொடுத்தார்கள். பொலிகுதிரையாக டான் பேட்ச் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதன் வாரிசுகளில் தகப்பன் பெயர் சொல்ல ஒன்றும் வரவில்லை, இன்றைய பேஸ் குதிரைகளின் வம்சாவளியில் அதற்குச் சொல்லும்படியான இடமும் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

சாவேஜ் குதிரையின் பெயரில் ரயில் பாதையே போட்டார். மின்னியாபொலிஸிலிருந்து தெற்கே பண்ணை வழியாகப் போன அந்தப் பாதையை ஜனங்கள் டான் பேட்ச் லைன் என்றார்கள். அது அவருடைய பணத்தைக் கரைத்தது. மோட்டார் கார் வந்துவிட்ட காலம், குதிரையின் மவுசும் குறைந்துகொண்டிருந்தது.

1916 ஜூலை 11 அன்று டான் பேட்ச் தன் லாயத்தில் இறந்தது. வயது இருபது. சாவேஜ் அப்போது ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார். செய்தி போயிற்று. மறுநாள், ஜூலை 12 அன்று, அவரும் இறந்தார். வயது 57. அதிர்ச்சியால்தான் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மருத்துவக் காரணம் எதுவானாலும் அந்த இரண்டு தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மனம் கனக்காமல் இருக்க முடியவில்லை. குதிரையைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்றிருந்த திட்டத்தைச் சாவேஜின் மனைவி நிறுத்திவிட்டார். ஆற்றங்கரையில் எங்கோ அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று குறியீடு இல்லை.

டான் பேட்சின் 1:55¼ என்ற நேரம் 33 ஆண்டுகள் நின்றது. 1938 செப்டம்பரில், அதே லெக்சிங்டன் தடத்தில், பில்லி டைரக்ட் என்ற குதிரை 1:55 ஓடி அதை முறியடித்தது. முன்னால் துணைக்குதிரை இல்லாமல். 1980இல் நயட்ராஸ் 1:49⅕க்கு இறக்கியது. 2022இல் புல்டாக் ஹனோவர் 1:45⅘ ஓடியது. டான் பேட்சைப் பக்கத்தில் ஓடவிட்டால் இன்றைய முதல்தரக் குதிரை முந்திக்கொண்டு நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். தடம் மாறிவிட்டது, வண்டி மாறிவிட்டது, இனப்பெருக்கம் விஞ்ஞானமாகிவிட்டது. தான் ஓடிய காலத்தில் மற்ற எல்லாக் குதிரைகளையும் எவ்வளவு பின்னால் விட்டது என்பதுதான் அளவு என்றால், டான் பேட்சுக்கு ஈடு சொல்ல எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

இண்டியானாவின் ஆக்ஸ்ஃபர்டிலும் மின்னசோட்டாவின் சாவேஜிலும் ஆண்டுதோறும் டான் பேட்ச் திருவிழா நடக்கிறது. ஆக்ஸ்ஃபர்டில் மெஸ்னரின் பழைய களஞ்சியக் கூரையில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது டான் பேட்ச் 1:55. குதிரையை விற்றுவிட்ட ஊரும் சாவேஜின் எண்ணையே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஊர்க்காரர்களின் பாசத்தோடு நான் வழக்காடப் போவதில்லை. ஆனால் இந்தத் தொடரின் கடைசியில் வரப்போகும் சாதனைப் பட்டியலில் நான் எழுதுவது 1:55¼, லெக்சிங்டன், 1905 அக்டோபர் 7. விதிக்குள் நின்று, கோணல் காலோடு சம்பாதித்த நேரம் அது. அந்தக் கால் விநாடியை வியாபாரியிடமிருந்து கடன் வாங்க வேண்டிய நிலையில் டான் பேட்ச் இல்லை.

அடுத்த இதழில் கிரேஹவுண்ட். பில்லி டைரக்ட் சாதனை படைத்த அதே வாரம், அதே லெக்சிங்டனில், டிராட் நடையில் இதே 1:55¼ ஓடிய சாம்பல் நிறக் குதிரையின் கதை.